கைப்பேசியில் டேட்டா இருக்கிறது. வீட்டில் இணையம் இருக்கிறதா?

மலேசியாவில் எத்தனை வீடுகளில் இணையம் இருக்கிறது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் என்றுதான் பதில் வரும். புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் 90.1 விழுக்காட்டு வீடுகளில் இணைய வசதி இருந்தது. 2021இல் அது 95.5 விழுக்காடாக உயர்ந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்பது 2020. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்து, பாடமெல்லாம் வீட்டுக்கு வந்த ஆண்டு அது. பத்தில் ஒன்பது வீட்டில் இணையம் இருந்த நாட்டில், ஏன் அவ்வளவு பிள்ளைகள் வகுப்பில் சேர முடியாமல் போனார்கள்?

விடை கணக்கெடுக்கும் முறையிலேயே இருக்கிறது. எந்த வழியிலாவது இணையத்துக்குள் நுழைய முடிந்தால் அது இணையம் உள்ள வீடு. அப்பாவின் கைப்பேசியில் பிரிபெய்ட் டேட்டா கொஞ்சம் இருந்தாலும் அந்த வீடு கணக்கில் சேர்ந்துவிடும். காலையில் அவர் கிள்ளான் துறைமுகத்துக்கோ, ஷா ஆலம் தொழிற்சாலைக்கோ, செக்யூரிட்டி வேலைக்கோ கிளம்பும்போது அந்த இணையமும் அவர் சட்டைப்பையில் கிளம்பிவிடும். வீட்டில் மிஞ்சுவது பிள்ளைகளும் பாடப்புத்தகமும்தான். மாலையில் அவர் திரும்பி வந்ததும் மூன்று பிள்ளைகள் அந்த ஒரு கைப்பேசிக்கு வரிசையில் நிற்க வேண்டும். புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான், கடந்த பதினைந்து ஆண்டுகளில் அரசாங்கம் செய்த நல்ல காரியங்களில் எது வீடு வரை வந்தது, எது வாசலிலேயே நின்றது என்பது தெளிவாகும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் கல்வி அமைச்சு ஓர் ஆய்வு நடத்தியது. 670,118 பெற்றோர் பதில் தந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் 893,331 பேர். அவர்களில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடு, மேசைக்கணினி வைத்திருந்தவர்கள் 6 விழுக்காடு, டேப்லெட் வைத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. அந்தத் திறன்பேசியைத்தான் அண்ணன், தம்பி, தங்கை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவி, இணைய அலைவரிசை தேடி மரத்தின் மேல் ஏறி இரவு முழுக்க அங்கேயே தங்கித் தேர்வு எழுதிய காணொளி நாடெங்கும் பரவியது. அது பலரையும் உலுக்கியது. ஆனால் அந்தக் காணொளி ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிட்டுப் போனது: இணையம் இல்லாமை காட்டுக்கும் மலைக்கும் உரிய பிரச்சினை, கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படியெல்லாம் கிடையாது என்ற எண்ணம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அலைவரிசைக் கோபுரத்துக்குக் குறைவில்லை. அங்கே குறுக்கே நிற்பது மாதக் கட்டணம். கட்ட முடியாதவர்கள் மரத்தில் ஏறுவதில்லை. அதனால் அவர்களைப் பற்றிக் காணொளியும் வருவதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு ஜிபி

தொற்றுக் காலத்தில் குடும்பங்களுக்குக் கிடைத்த முதல் உதவி இலவச டேட்டா. 2020 ஏப்ரல் 1 முதல், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, நாளுக்கு 1 ஜிபி டேட்டாவைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழங்கின. நல்ல உதவிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காணொளி வழி நடக்கும் ஒரு மணி நேர வகுப்பு, தரத்தைக் குறைத்து வைத்தாலும், சுமார் அரை ஜிபி தின்னும். தரத்தைக் கூட்டினால் ஒரு ஜிபி. ஒரு வீட்டில் நான்காம் படிவத்தில் ஒருவர், முதலாம் படிவத்தில் ஒருவர், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் ஒருவர் என மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு மூன்று மணி நேர வகுப்புக்கே நாளொன்றுக்கு நாலரை ஜிபி வேண்டும். மாதத்தில் 20 பள்ளி நாள் என்றால் 90 ஜிபி. ஆசிரியர் அனுப்பும் காணொளிகள், பதிவிறக்கம், வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்புவது எல்லாம் தனி. இலவசமாக வந்த 1 ஜிபி ஒரு சிம் அட்டைக்கு. வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது அந்த சிம்முக்குத் தெரியாது.

அடுத்து வந்தது ஜாரிங்கான் பிரிஹாத்தின். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், பி40 பிரிவைச் சேர்ந்த 80 லட்சம் பேருக்குத் தலா 180 வெள்ளி; மொத்தம் 150 கோடி வெள்ளி. இணையச் சந்தாவுக்கோ புதிய கைப்பேசி வாங்கவோ பயன்படுத்திக்கொள்ளலாம். 180 வெள்ளியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 15 வெள்ளி. ஒரு வீட்டு இணைப்புக்கு அது போதாது; கைப்பேசி டேட்டாவுக்கு ஓரளவு போதும். ஆகவே பணம் எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே வரவு செலவுத் திட்டத்தில்தான் செர்டிக் திட்டமும் வந்தது. கஸானா நிறுவனத்தின் அறவாரியமான யாயாசான் ஹசானா ஒருங்கிணைக்க, அரசாங்கத் தொடர்புடைய நிறுவனங்கள் பணம் போட, 500 பள்ளிகளில் ஏழை மாணவர்கள் 150,000 பேருக்கு மடிக்கணினி என்பது இலக்கு. 2021இன் தொடக்கத்தில் விநியோகம் ஆரம்பித்தது. உலகம் முழுவதும் கணினிச் சில்லு தட்டுப்பாடு நிலவிய ஆண்டு அது. மடிக்கணினியோடு இணையத் தொடர்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது இத்திட்டத்தின் சிறப்பு. கருவி வேறு, தொடர்பு வேறு என்பதை அது புரிந்து வைத்திருந்தது. ஆனால் 150,000 என்பது மேலே சொன்ன 37 விழுக்காட்டுக்கு முன்னால் சிறிய எண்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வருமான வரியில் 'வாழ்க்கை முறை' சலுகை என்று 2,500 வெள்ளி உண்டு. புத்தகம், கணினி, கைப்பேசியோடு வீட்டு இணையச் சந்தாவையும் அதில் காட்டலாம். 2020 ஜூன் முதல் கணினி, கைப்பேசி, டேப்லெட் வாங்குவதற்கு மட்டும் கூடுதலாக இன்னொரு 2,500 வெள்ளி சலுகை சில ஆண்டுகள் இருந்தது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இது உதவி. அந்த அளவுக்குச் சம்பளமே இல்லாத வீட்டுக்கு இதில் ஒரு காசும் கிடையாது. இணையத்துக்கு அரசாங்கம் விட்டுக்கொடுத்த பணத்தில் ஒரு பகுதி, ஏற்கெனவே இணையம் இருந்த வீடுகளுக்கே போனது.

அடுக்குமாடிக்குக் கம்பி ஏறும் கதை

வீட்டுக்கு வரும் நிலையான இணைப்பின் விலை இந்நாட்டில் நெடுங்காலம் எட்டாத உயரத்தில் இருந்தது. அது இறங்கியதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. கம்பிவடம் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கையில். மற்ற நிறுவனங்கள் அதை வாடகைக்கு எடுத்துத்தான் சேவை வழங்க வேண்டும். அந்த மொத்த வாடகைக்கு உச்சவரம்பு கட்டும் விதியை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017 டிசம்பரில் வெளியிட்டது. 2018 ஜூன் 8ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நடுவில் ஆட்சி மாறி கோபிந்த் சிங் டியோ அமைச்சரானார். 'இரண்டு மடங்கு வேகம், பாதி விலை' என்ற முழக்கம் அவர் காலத்தில் பிரபலமானது. பாராட்டை யாருக்குக் கொடுப்பது என்பது அரசியல். விலை இறங்கியது உண்மை.

இறங்கியும் என்ன விலை? 2018இல் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 129 வெள்ளியாக இருந்தது. கோலாலம்பூரில் பிபிஆர் அடுக்குமாடி வீட்டின் மாத வாடகை 124 வெள்ளி. வீட்டு வாடகையைவிட இணைய வாடகை ஐந்து வெள்ளி அதிகமாக இருந்தது! பி40 குடும்பங்களுக்கென்று 2018இல் மாதம் 79 வெள்ளிக்கு ஒரு திட்டம் அறிமுகமானது. 30 எம்பிபிஎஸ் வேகம், மாதம் 60 ஜிபி வரம்பு. மேலே போட்ட கணக்கின்படி மூன்று பிள்ளைகளுக்கு வகுப்புக்கு மட்டுமே 90 ஜிபி வேண்டும். அதாவது 20 பள்ளி நாளில் 14ஆவது நாளோடு டேட்டா தீர்ந்துவிடும்.

2020இல் நகர்ப்புறக் குறைந்தபட்ச சம்பளம் 1,200 வெள்ளி. பி40 என்ற கோடு 2019இன் கணக்குப்படி மாதம் 4,850 வெள்ளிக்குக் கீழ். 2022இல் அது 5,250 ஆனது. இந்தக் கோட்டுக்குள் 4,500 வெள்ளி சம்பாதிக்கும் வீடும் 1,500 வெள்ளி சம்பாதிக்கும் வீடும் ஒன்றாகவே இருக்கின்றன. முதல் வீட்டுக்கு 79 வெள்ளி ஒரு செலவு. இரண்டாவது வீட்டுக்கு அது ஒரு வாரத்துக் காய்கறி. யுனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு கோலாலம்பூர், பெட்டாலிங் வட்டாரத்தில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 2,142 பிள்ளைகளைக் கணக்கெடுத்தது. அந்தப் பிள்ளைகளில் 99.7 விழுக்காட்டினர் ஒப்பீட்டளவிலான ஏழ்மையில் வாழ்கிறார்கள் என்று அது சொன்னது. இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் வீடுகள் அவை.

பணம் இருந்தாலும் கம்பி வரவேண்டுமே. அடுக்குமாடி வீடுகளில் இது தனிக் கதை. கண்ணாடி இழைக் கம்பிவடம் கட்டடத்தின் கீழ்த்தளம் வரை வந்துவிடும். அங்கிருந்து 14ஆவது மாடிக்கு ஏறப் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பிதான் பல கட்டடங்களில் வழி. புதிய கம்பிவடம் இழுக்க வேண்டுமானால் கட்டட நிர்வாகத்தின் அனுமதி தேவை. அது கூட்டு நிர்வாகக் குழுவாக இருக்கலாம், மாநகர மன்றமாக இருக்கலாம். பராமரிப்புக் கட்டணம் வசூலாகாமல், மின்தூக்கியையே பழுதுபார்க்கத் திணறும் குழு, இணையக் கம்பிக்கு எங்கே போய்க் கூட்டம் போடும்? முகவரியைத் தட்டிப் பார்த்தால் 'உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்று திரையில் வரும். தொழில்நுட்பர் வந்து பார்த்துவிட்டு 'போர்ட் காலியில்லை' என்று சொல்லிப் போவார். இரண்டும் உண்மைதான்.

வாடகைக்கு இருப்பவர்களின் பாடு இன்னும் கடினம். பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் ஓர் அறை எடுத்து இருக்கும் குடும்பம், சுவரில் துளை போட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். 24 மாத ஒப்பந்தம் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத்தில் வீடு மாற நேர்ந்தால் இடையில் முறித்ததற்கு அபராதம். முன்பு எப்போதோ கட்டாமல் விட்ட தொலைபேசிப் பாக்கி ஒருவர் பெயரில் இருந்தால் புதிய விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும். சலுகைத் திட்டங்கள் மைகார்டு வைத்திருக்கும் குடிமக்களுக்கு. சிவப்பு அடையாள அட்டையோடு, அல்லது எந்த அட்டையும் இல்லாமல் இருக்கும் பெற்றோரின் பிள்ளை பள்ளியில் படித்தாலும், அந்த வீட்டின் பெயரில் விண்ணப்பிக்க ஆள் இல்லை. நம் சமூகத்தில் இது சிறிய விஷயமல்ல.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் இதை வேறு வடிவில் முன்பே பார்த்தவை. லயத்துக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்த வரலாறும் இப்படித்தான்: பிரதான சாலை வரை எல்லாம் வந்துவிடும், உள்ளே வருவதற்கு நிர்வாகத்தின் மனம் இரங்க வேண்டும். கேரித் தீவிலும் காப்பார், பந்திங் வட்டாரத் தோட்டங்களிலும் இன்றும் எஞ்சியிருக்கும் குடும்பங்களுக்கு நிலம் தோட்ட நிறுவனத்துடையது. 50 வீட்டுக்காகக் கம்பிவடம் இழுப்பதில் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு லாபமில்லை. அங்கே பிரச்சினை விலை மட்டுமல்ல, தூரமும்தான்.

இப்படி லாபமில்லாத இடங்களுக்காகவே சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் அமைந்த பொதுச் சேவை நிதிக்கு, ஆண்டு வருமானம் 20 லட்சம் வெள்ளிக்கு மேல் உள்ள உரிமம் பெற்ற நிறுவனங்கள் 6 விழுக்காடு செலுத்த வேண்டும். சேவை குறைந்த 'பகுதிகள்' மட்டுமல்ல, சமூகத்தில் சேவை குறைந்த 'பிரிவினர்' என்றும் அதன் விதி சொல்கிறது. நகரத்து ஏழைகளும் அதில் அடங்குவார்கள். ஆனால் கோபுரம் கட்டினால் திறப்பு விழா வைக்கலாம். ஒரு வீட்டின் மாதக் கட்டணத்தைக் கட்டினால் ரிப்பன் வெட்ட எதுவுமில்லை.

பள்ளிக்குப் போன இணையம்

பழைய திட்டங்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். 2010 மார்ச் 24இல் தேசிய பிராட்பேண்ட் திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதிக்குள் 50 விழுக்காட்டு வீடுகளுக்கு இணையம் என்பது இலக்கு. அதை ஒட்டியே ஏழை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு '1மலேசியா' நெட்புக் கணினிகள் வழங்கப்பட்டன. 2011இல் வந்த 1பெஸ்தாரிநெட் திட்டம் 10,000 பள்ளிகளுக்கு இணையத்தைக் கொண்டுசெல்ல முனைந்தது. அதன் கற்றல் தளத்தை மாணவர்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 ஜூனில் திட்டம் முடிவுக்கு வந்தது. ஒன்பது மாதம் கழித்து, பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது.

இன்று பள்ளிகள் திறந்துதான் இருக்கின்றன. அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் தவறு. 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளம் இன்னும் இயங்குகிறது. வீட்டுப்பாடம் வாட்சப் குழுவிலும் டெலிகிராமிலும் வருகிறது. வெள்ளமோ புகைமூட்டமோ வந்தால் மறுபடியும் இல்லிருப்புக் கற்றல். எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பமும் மெட்ரிகுலேசன் விண்ணப்பமும் இணையத்தில்தான். மெட்ரிகுலேசனில் இந்திய மாணவர்களுக்கு எத்தனை இடம் என்று ஆண்டுதோறும் அறிக்கை விடுகிறோம். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு டேட்டா தீர்ந்துபோன மாணவன் எந்த அறிக்கையிலும் வரமாட்டான்.

69 வெள்ளித் திட்டம்

2023 பிப்ரவரியில் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிமுகப்படுத்திய 'பாக்கேஜ் பெர்பாடுவான்', அதாவது ஒற்றுமைத் திட்டம், வீட்டு இணைப்புக்கு இதுவரை வந்தவற்றில் உருப்படியானது. மாதம் 69 வெள்ளி, 30 எம்பிபிஎஸ் வேகம், 24 மாத ஒப்பந்தம் என்ற அடிப்படையில் அது தொடங்கியது. பி40 குடும்பங்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் முதலியோருக்கானது. கடையிலோ விளம்பரத்திலோ இது முன்வரிசையில் நிற்பதில்லை. நிறுவனத்துக்கு லாபம் தரும் 300, 500 எம்பிபிஎஸ் திட்டங்கள்தான் முதலில் காட்டப்படும். 'பெர்பாடுவான்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

30 எம்பிபிஎஸ் போதுமா என்று பெற்றோர் தயங்குவது உண்டு. தாராளமாகப் போதும். ஒரு காணொளி வகுப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் தேவைப்படும். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் பத்தைத் தாண்டாது. படிப்புக்கு வேண்டியது வேகமல்ல, வரம்பில்லாத டேட்டா. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாத டேட்டாவுக்கு வரம்பு உண்டா என்பது. 69 வெள்ளி என்பது சேவை வரிக்கு முன்பா பின்பா, மோடம் இலவசமா, வீடு மாறினால் இணைப்பையும் மாற்ற என்ன கட்டணம், 24 மாதம் முடிந்த பின் விலை என்ன ஆகும் என்பவை அடுத்த கேள்விகள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. நான்காம் படிவத் தொடக்கத்தில் இணைப்பு எடுத்தால் எஸ்பிஎம் முடிகிற வரைக்கும் ஒப்பந்தம் சரியாக இருக்கும். அதற்குள் தம்பி இடைநிலைப்பள்ளிக்கு வந்திருப்பான் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

கைப்பேசியின் 'வரம்பில்லா' டேட்டாவை நம்பி மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட் போடலாம் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படித்துவிட வேண்டும். கைப்பேசிக்கு வரம்பில்லை, ஹாட்ஸ்பாட்டுக்குச் சில ஜிபி மட்டும் என்பது பல திட்டங்களில் உள்ள விதி. கம்பி ஏற முடியாத மாடிகளுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் சிம் போட்டு இயங்கும் கம்பியில்லா வீட்டு மோடம் ஒரு மாற்று வழி. துளை போட வேண்டியதில்லை, வீடு மாறும்போது கையோடு எடுத்துப்போகலாம். ஆனால் சில நிறுவனங்கள் அதைப் பதிவுசெய்த முகவரியில் மட்டுமே இயங்க விடுகின்றன. வாங்கும் முன் அந்த வீட்டிலேயே, பிள்ளை உட்கார்ந்து படிக்கும் அறையிலேயே, அலைவரிசை எப்படி என்று நண்பரின் கைப்பேசியை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது.

அக்கம்பக்கத்து இரண்டு வீடுகள் ஒரு இணைப்பை எடுத்துப் பாதிப் பாதி கட்டிக்கொள்வது அடுக்குமாடிகளில் சகஜம். மனிதநேயம்தான். என்றாலும் நிறுவனங்களின் ஒப்பந்தம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. பக்கத்து வீடு கட்டாமல் விட்டால் கடன் பெயர் கொடுத்தவர் தலையில். பாக்கி விழுந்த பெயரில் அடுத்த இணைப்பு எடுப்பது எவ்வளவு கடினம் என்று மேலே பார்த்தோம். சேவை சரியில்லை, விண்ணப்பம் காரணமின்றி நிராகரிக்கப்பட்டது என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் செய்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார்ப் பிரிவுக்குப் போகலாம். வாய்வார்த்தைப் புகாருக்கு அங்கே மதிப்பில்லை.

மற்ற நாடுகள் செய்தவை

அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 2011இல், பள்ளியில் இலவச மதிய உணவு பெறத் தகுதியுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு மாதம் 9.95 டாலருக்கு இணையம் தரத் தொடங்கியது. என்பிசி யுனிவர்சலை அது வாங்க அனுமதி கிடைத்ததோடு சேர்ந்து வந்த கடமை அது. தகுதியைப் பள்ளி உணவோடு இணைத்ததில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: ஏழை என்று நிரூபிக்க மறுபடி பத்திரம் சுமக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் ஆர்எம்தி உணவுத் திட்டப் பெயர்ப்பட்டியல் தொடக்கப்பள்ளிகளில் தயாராகவே இருக்கிறது. பழைய பாக்கி வைத்தவர்களுக்கு இணைப்பு கிடையாது என்று அந்நிறுவனம் ஆரம்பத்தில் வைத்த விதி பலத்த கண்டனத்துக்கு ஆளானது.

சிகாகோ நகரம் 2020 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசாங்கப் பள்ளி மாணவர்கள் சுமார் ஒரு லட்சம் பேரின் வீட்டு இணையக் கட்டணத்தை நான்கு ஆண்டுக்குத் தானும் நன்கொடையாளர்களும் ஏற்பதாக அறிவித்து, பணத்தை நேராக நிறுவனத்துக்கே கட்டியது. குடும்பத்தின் கையில் பில்லே வராது. ஆனால் நாடு தழுவிய அளவில் மாதம் 30 டாலர் வரை கழிவு தந்த கூட்டரசுத் திட்டம், 2 கோடியே 30 லட்சம் வீடுகள் சேர்ந்திருந்த நிலையில், நிதி தீர்ந்து 2024 ஜூனோடு நின்றுபோனது.

பக்கத்துச் சிங்கப்பூர் 2014இலேயே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானிய விலையில் வீட்டு இணையத் திட்டம் கொண்டுவந்தது. 2023இல் கருவியையும் இணைப்பையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்தது. கேரளா 2023 ஜூன் 5ஆம் தேதி கேஃபோன் என்ற சொந்தக் கம்பிவட வலையமைப்பைத் தொடங்கி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. முதற்கட்டத்தில் சேர்க்கத் திட்டமிட்டது 14,000 வீடுகள். தமிழ்நாடு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. கருவி கொடுப்பதில் தமிழ்நாடு முன்னோடி; வீட்டு இணைப்பு அந்தத் திட்டத்தில் இல்லை.

வீட்டுக்கு வெளியே ஒரு மேசை

இணைப்பு எடுக்கவே வழியில்லாத குடும்பங்களுக்கு ஒரு மாற்று உண்டு. முன்பு இணைய மையம், பிறகு பெடி, இப்போது நாடி என்று பெயர் மாறிக்கொண்டே வரும் சமூக மையங்கள் நாடெங்கும் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. பொதுச் சேவை நிதியில் நடப்பவை இவை. பிபிஆர் அடுக்குமாடிகளிலும் சிலவற்றில் இருக்கின்றன. கணினி, இணையம் உண்டு. உறுப்பினராகப் பதிய வேண்டும். பல தமிழ்ப் பெற்றோர், இது வேறு யாருக்கோ என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் எல்லாருக்கும் உரியது. மாலையில் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். பள்ளி முடிந்து, சமயப் பாட வகுப்பும் டியூஷனும் முடிந்து பிள்ளை வரும் நேரத்தில் பூட்டியிருந்தால் பயனில்லை.

வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு வெளியே ஓர் இடம் ஏற்படுத்துவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான். கோவில் மண்டபம், சங்கக் கட்டடம், பள்ளி நூலகம் என்று இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நமக்குக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மண்டபத்துக்கு வர்த்தக இணைப்பு எடுத்து, மாலை 5 முதல் இரவு 9 வரை பத்து மேசை போட்டுத் திறந்துவைப்பதற்கு ஆகும் மாதச் செலவு, ஒரு திருவிழா உபயத்தில் மாலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வகுப்பு வாரியாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு எண்ணிக்கை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. 'வீட்டில் இணையம் உண்டா' என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். 'அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இணையம் உண்டா' என்று கேட்க வேண்டும்.